பார்க்காத பேப்பருக்குப் போட்ட கூச்சல்

ஈப்போ பக்கம் கூட்டத்தோடு காட்டு ஓட்டம் போக ஆசை, அனுபவம் சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். குழுவாக ஓடினால் தலைமைப் பண்பு வளருமாமே என்று கூடவே ஒரு கேள்வி. வளரும், ஐயா. எனக்கு எந்த லட்சணத்தில் வளர்ந்தது என்று கேட்டுவிட்டுப் போங்கள். 1983இல், மழைக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடந்தது.

அப்போது ஈப்போவில் சிலிபின் பகுதியில் குடியிருந்தேன், இரும்புக்கடையில் வேலை. வாராவாரம் இருபது பேர் சேர்ந்து ஓடுவோம். அந்த வாரம் சிம்பாங் பூலாய் பக்கம். வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். என் நண்பன் செல்வத்தின் மோட்டார் சைக்கிளில் மூன்றரைக்குக் கிளம்பி நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆளுக்கு இரண்டு வெள்ளி கட்டணம். ஓட்டம் முடிந்ததும் தேநீருக்கும் மீகூன் சேமியாவுக்கும். செல்வத்தின் மனைவிக்கு அது ஏழாம் மாதம். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

எங்கள் ஓட்டத்தின் முறை இது. இரண்டு பேர் முன்கூட்டியே போய் வழி நெடுகத் துண்டுத் தாள் போட்டு வைப்பார்கள். வேண்டுமென்றே சில இடங்களில் தாளை நிறுத்திவிடுவார்கள், நாங்கள் தேட வேண்டும். முன்னால் ஓடுகிறவன் கண்டுபிடித்ததும் "பேப்பர்!" என்று கத்துவான். பின்னால் வருகிறவர்கள் தாளைத் தேட மாட்டார்கள், குரலைக் கேட்டே வருவார்கள். வேகமாக ஓடுவேன் என்பதால் முன்னால் ஓடுவது எப்போதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சமென்ன, நிறையவே.

நாலேகாலுக்குத் தொடங்கினோம். கைவிட்டுப்போன ரப்பர்த் தோட்டம், நிரை நிரையாகப் பால்மரம், இடையில் இடுப்பளவு லாலாங் புல். இரண்டு கிலோமீட்டர் வரை தாள் ஒழுங்காகக் கிடந்தது. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் ஒன்றையும் காணோம். நின்று தேடியிருக்க வேண்டும். நின்றால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? இடது பக்கம் திரும்பி ஓடினேன்.

"மச்சான், பேப்பர் இருக்கா?" என்று செல்வம் பின்னாலிருந்து கேட்டான்.

"பேப்பர்! பேப்பர்! இந்தப் பக்கம் வாங்கலா!" என்று கத்தினேன். ஒரு துண்டைக்கூட நான் பார்க்கவில்லை. வாய் கூசாமல் கத்தினேன்.

மரங்கள் முடிந்து பளீரென்று ஒரு வெட்டவெளி. பழைய ஈயச்சுரங்கக் குட்டை. ஓரமெல்லாம் வெள்ளை மணல், பார்வைக்குக் கெட்டித் தரை. நான் மேட்டோரமாகவே ஓடிவிட்டேன். செல்வம் குறுக்கே வந்தான். தொப்பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் தொடைவரை உள்ளே நிற்கிறான். அது மணலே இல்லை, ஈயம் கழுவிவிட்ட சேறு. மேலே காய்ந்த ஏடு, கீழே கூழ். ஐயோ கடவுளே! காலை உதற உதற இடுப்புவரை போய்விட்டது.

"மச்சான், தரையே எட்டலடா!" என்று அலறினான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்த நாலு பேர் அவனை நோக்கிப் பாய்ந்தார்கள்.

"நில்லு! ஒருத்தனும் கால வைக்காதே!" என்று பின்னாலிருந்து ஓர் அதட்டல். மெய்யப்பன் அண்ணன். வக்கீல் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. தொப்பையைத் தூக்கிக்கொண்டு எப்போதும் கடைசியில் வருகிறவர். அவரைக் கேலி செய்யாத ஆள் எங்களில் கிடையாது. "கிளைய ஒடிச்சுக் குறுக்க போடுங்க. செல்வம், ஆடாதே, அப்படியே மல்லாக்க சாய்ஞ்சுக்க" என்றார்.

கிளைகள்மேல் குப்புறப் படுத்து அவன் அக்குளில் கைகொடுத்ததும் அவர்தான். அவர் காலைப் பிடித்து நாங்கள் இழுத்தோம். இருபது நிமிடம். காலில் போட்டிருந்த சப்பாத்து இரண்டும் சேற்றோடு போயின. செல்வம் உயிரோடு வந்தான்.

மூச்சு வாங்கியபடி அண்ணன் என்னைப் பார்த்தார். "பேப்பர் அந்த முக்குல சோத்துக்கைப் பக்கம் கிடந்துச்சு. உங்களக் கூப்பிட்டுக் கூப்பிட்டு தொண்டையே போச்சு. நீ எங்க பாத்தே?"

"பாக்கல அண்ணே" என்றேன்.

யாரும் கை ஓங்கவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். செல்வம் தன் வீட்டு வாசலில் இறங்கி, "நீ பேப்பர்னு சொன்னே. அதான் நான் கீழயே பாக்கல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு நம்பியா ஓடிவந்தான்?

இப்போது போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: குட்டையோரத்து வெள்ளை மணலை நம்பவே நம்பாதீர்கள். முழங்கால்வரை காலுறை போடுங்கள், அட்டை ஏறும். ஆறரைக்குள் சாலைக்கு வந்துவிடுங்கள். முன்னால் ஓடுகிறவரிடம் "கண்ணால் பார்த்தீர்களா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். எரிந்து விழுந்தால், அவர் பின்னால் போகாதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் கடைசியில் போய் நின்றுகொண்டேன். "முன்னால போடா" என்று செல்வம் முதுகில் தள்ளினான். போனேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் ஒரு பிரிவு, மறுபடியும் தாள் இல்லை. பின்னால் அத்தனை பேரும் மூச்சிரைக்க வருகிறார்கள்.

"தெரியலலா! பேப்பரக் காணோம்!" என்று கத்தினேன்.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நின்று, ஆளுக்கொரு பக்கம் குனிந்து தேடினார்கள். செல்வம் என் பக்கத்தில் வந்து கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சரி மச்சான்," என்றான். "இப்ப ஒன் பின்னால வாரேன்."