மீன் வயிற்றில் முக்கால் மணி நேரம்

அரபா மான்சாவுக்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் எங்கள் கடலோர ஊரான மோரியின் மெதடிஸ்ட் கோயிலில் அவள் வாயை அடைத்த போதகர் யாரும் கிடையாது. மீனைப் புகை போட்டு விற்கும் பெண்கள் நாங்கள். எங்களுக்குப் பாட்டுப் புத்தகம் எதற்கு? பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே, மனசில் தைத்த இடத்தில், போதகர் சொல்லும் கதையையே பாட்டாக எடுத்து எழுந்துவிடுவோம். ஒருத்தி அடி எடுப்பாள், மற்றவர்கள் பதில் பாடுவோம். பாட்டு முடியும்வரை போதகர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இருபத்தைந்து வருடமாக அடி எடுப்பவள் அரபா. அவளுக்குப் பக்கத்து இடம் என்னுடையது.

போதகர் ஆர்க்கோ பட்டணத்திலிருந்து வந்த புதிதில், ஆண்டவர் அனுப்பிய ஊருக்குப் போகாமல் ஓடி, மீன் விழுங்கி, பிறகு கரையில் கக்கிய யோனாவின் கதையை ஆரம்பித்தார். மீன் யோனாவை விழுங்கியதுதான் தாமதம், அரபா எழுந்துவிட்டாள். அவருக்கு வந்ததே கோபம்!

"ஏம்மா, நான் முடிச்சப்புறம் பாடக்கூடாதா?"

"நீங்க முடிக்கிறவரைக்கும் அந்த மனுஷன் மீன் வயித்துலயே கிடக்கணுமா, போதகரய்யா?"

கோயிலே குலுங்கிச் சிரித்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்கப்புறம் ஆறு வருடம் இருவரும் கீரியும் பாம்பும்தான்.

போன வருடம் அவள் தொண்டையில் கட்டி வந்தது. கெட்ட கட்டி. பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "உயிரைக் காப்பாத்தப் பார்க்கிறேன். குரலுக்கு உத்தரவாதம் கிடையாது." அறுவைக்குப் போகும்போது அரபா, "ஆண்டவரே, பிழைச்சு வந்தா உம்ம சந்நிதியில யோனா பாட்டைப் பாடுறேன்" என்று பொருத்தனை பண்ணினாள். பிழைத்தாள்! இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று நான் நடுத்தெருவில் ஆடினேன். வெட்கமாவது ஒன்றாவது! ஆனால் அவளுக்கு மிஞ்சியது வெறும் கிசுகிசுப்பு.

அவள் பிழைத்ததற்கு நன்றி செலுத்த வைத்த ஞாயிறுக்கு முதல் நாள், புளித்த மக்காச்சோள மாவில் அவித்த கென்கேயைப் பிட்டு மீனோடு தின்றுகொண்டே கேட்டேன்.

"பாடிப் பார்த்தியா?"

"இல்ல."

"அடிப்பாவி, நாலு மாசமாச்சே!"

"பாடிப் பார்த்து வரலைன்னா? ஆண்டவருக்குக் கொடுக்க எங்கிட்ட வேற என்னடி இருக்கு, எக்குவா?"

அதற்குமேல் எனக்குக் கென்கே இறங்கவில்லை.

ஞாயிறன்று நன்றிக்கு எங்கள் வழக்கப்படி அவளுக்கு வெள்ளைத் துணி உடுத்தி, கைக்குட்டைகளை வீசி ஆடிக்கொண்டே பீடம்வரை கூட்டிப்போனோம். நாங்கள் எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்ததும் போதகர் வேதத்தைத் திறந்தார். யோனா! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேண்டுமென்றே குத்திக் காட்டுகிறாரா இந்த மனிதர்?

மீன் விழுங்கியது. போதகர் நிறுத்தினார். அரபா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மீன் வயிற்றின் இருட்டைச் சொன்னார், பாசியைச் சொன்னார், நாற்றத்தைச் சொன்னார். மறுபடி நிறுத்தினார். மறுபடி இருட்டு, பாசி, நாற்றம். அரை மணி ஆயிற்று. பிள்ளைகள் சிணுங்கின. மூப்பர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"மீன் இன்னும் கக்கல," என்றார் போதகர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் கக்கல."

"யோனாவை வெளிய விடுங்க போதகரே, பசிக்குது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது என் கையில இல்லப்பா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, இந்த மனிதர் அவளுக்காகக் காத்து நிற்கிறார்! நானே அடி எடுத்திருக்கலாம். வாயை அடக்கிக்கொண்டேன். அது அவளுடைய பாட்டு.

முக்கால் மணி ஆனபோது அரபா என் கையைப் பற்றினாள். எழுந்தாள். வாயைத் திறந்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது. இன்னொரு தரம் மூச்சை இழுத்தாள்.

"மீனே, மீனே, வாயைத் திற! அனுப்பினவர் கரையில நிக்கிறார்!"

பழைய குரல் இல்லை. ஆண்பிள்ளைக் குரல் மாதிரி கட்டையாக, கரகரவென்று வந்தது. ஆனால் குரல்! கடைசி பெஞ்சுவரை கேட்டது! நாங்கள் பதில் பாடினோமா, கத்தினோமா, அழுதோமா, எனக்கே தெரியாது. கைக்குட்டை வீசிய வீச்சில் மூப்பரின் மூக்குக்கண்ணாடி பறந்தது.

பாட்டு அடங்கியதும் போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இப்பவாவது நான் முடிக்கலாமாம்மா?"

"அவன்தான் வெளிய வந்துட்டானே, போதகரய்யா," என்றாள் அரபா அந்தப் புதுக் குரலில். "இன்னும் என்ன முடிக்க? இறங்கி வாங்க, பாடுவோம்."

அவர் வேதத்தை மூடிவிட்டு இறங்கி வந்து எங்கள் வரிசையில் நின்றார். அரபா மறுபடி அடி எடுத்தாள்.