பதினைந்து நிமிட நடை

நம்பினால் நம்புங்கள், இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவனே என் எதிரில் உட்கார்ந்து சொன்னான். அவன் என் கொழுந்தன். நான் நர்ஸாக இருக்கும் ஸ்கேன் சென்டரில் டெக்னீசியனாக இருந்தவன். கெஞ்சிக் கூத்தாடி அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இடுப்பு மூட்டில் எலும்போடு எலும்பு உரசாமல் காப்பது குருத்தெலும்பு. அதைத் தெளிவாகப் படம் எடுக்க, கையில் ஒரு மருந்து ஏற்றுவோம். பிறகு பதினைந்து நிமிடம் நடக்கச் சொல்வோம். நடந்தால்தான் மருந்து மூட்டுக்குள் இறங்கும். சற்று ஓய்வு, அப்புறம் ஸ்கேன். நடக்கும்போது டெக்னீசியன் கூடவே போக வேண்டும். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் கவனிக்க ஆள் வேண்டுமே.

அன்று ஒரு தையல் டீச்சர் கைத்தடி ஊன்றி வந்தார். 2.10க்கு ஊசி போட்டுவிட்டு நான் அடுத்த நோயாளியிடம் போனேன்.

"துணைக்கு வாப்பா" என்று டீச்சர் இவனைக் கூப்பிட்டிருக்கிறார்.

"நீங்க நடங்கம்மா, வர்றேன்."

போகவில்லை. செல்போனில் மேட்ச் பார்த்தான். காரிடார் கோடியில், மாடிப்படி அருகே, மூச்சடைத்து விழுந்தார் டீச்சர். ஆட்கள் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

படிவத்தில் 'துணைக்குப் போனவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினான், பாவி. என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். இவன் வாயே திறக்கவில்லை.

ஆறு வாரம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை. நோயாளி ஒரு கால்பந்து வீரர். ஊசி போட்டது 2.10க்கு. ஓர் உயிர் போயும் திருந்தாதவன், அவரையும் தனியாகவே நடக்க அனுப்பினான்.

2.14. காரிடாரில் ஷூ சத்தம். கூடவே இன்னொன்று.

டொக்… சரக். டொக்… சரக்.

எட்டிப் பார்த்தான். வீரர் மட்டும்தான்.

2.25. அவர் திரும்பி வந்தார்.

"கூட நடந்த அம்மா யாருங்க?"

"எந்த அம்மா?"

"தடி வச்சிருந்தாங்க. நீங்க வர்றேன்னு சொன்னீங்களாம். இன்னும் காத்துக்கிட்டிருக்காங்களாம்."

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தன் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினான்.

2.31. கண்ணாடிக்கு அப்பால் ஸ்கேன் மிஷின் தானாக ஓடியது.

டக்… டக்… டக்…

உள்ளே யாரும் படுத்திருக்கவில்லை.

திரையில் டீச்சர் பெயர். எடுக்காமலே போன ஸ்கேன்.

நிறுத்தும் பட்டனை அழுத்தினான். நிற்கவில்லை.

இடது இடுப்பில் சுரீர் என்றது… எழ முடியவில்லை…

மணி அடித்தது. உள்ளே படுத்திருப்பவர் உதவிக்கு அமுக்கும் மணி.

அடித்தது… அடித்துக்கொண்டே இருந்தது…

2.46. நின்றது.

மறுநாளே மேலாளரிடம் போய் உண்மையைக் கக்கினான். அவனுக்கு வேலை போனது. என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அதோடு டீச்சர் விட்டுவிடுவார் என்று நினைத்தான்.

டீச்சர் பெயரில் பதிவான படங்களை டாக்டர் திறந்து பார்த்தார். இருந்தது ஓர் ஆணின் இடுப்பு. இடது தொடை எலும்பில் பழைய முறிவு ஒட்டிய தடம். பதினாறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து இவன் உடைத்துக்கொண்ட அதே இடம். குருத்தெலும்பு அறவே இல்லை. அதுவரை மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறியவன் இவன்.

போன மாதம் அவனே நோயாளியாக வந்தான். கையில் தடி. ஊசி போட்டது நான். மணி 2.10. புது டெக்னீசியன் சாப்பிடப் போயிருந்தார். விதி என்று ஒன்று இருக்கிறதே, துணைக்கு நானே எழுந்தேன்.

"வேணாம் அண்ணி." முகம் வெளிறியிருந்தது. காலியான காரிடாரைக் காட்டினான். "அவங்க வந்துட்டாங்க."

நடந்து போனான். எனக்கு யாரும் தெரியவில்லை. ஆனால் கேட்டது இரண்டு தடியின் சத்தம்.

எழுந்தவள் உட்கார்ந்துகொண்டேன்.