புது டெர்மினலுக்கு ஆள் எடுத்தபோது

புது டெர்மினலுக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்ற சேதியை எங்கள் ஊருக்குக் கொண்டுபோனவள் நான்தான். அது பொய்ச்சேதி இல்லை. பொய்யாக இருந்திருந்தால் இன்றைக்கு மன்னிப்புக் கேட்கவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

மதுரையில் விமானம் ஏறினால் ஒரு குட்டித்தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற பெருநகரத்தில், ஒரு விமானக் கம்பெனியின் செக்-இன் கவுண்டரில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். பெட்டியை எடை போட்டு, போர்டிங் பாஸ் கொடுத்து, சிரித்த முகமாக அனுப்பிவைக்கிற வேலை. போடிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் சிலமலையிலிருந்து இப்படி ஒரு வேலைக்குப் போன முதல் பெண் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. விடுப்பில் வந்து போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே யாராவது ஒருவர், உங்க ஆபீசில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டுவிடுவார். அந்த வருடப் பொங்கலுக்கு வந்தபோது ஆமாம் என்றேன். டெர்மினல் பெரிதாகிறது, விமானங்கள் கூடும், ஆள் நிறைய வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன்.

கேட்டவர்களில் ஒருத்தி எங்கள் தெருவில் இருக்கிற பெண். அவளுடைய அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ரத்த சொந்தம் கிடையாது, தெருப்பழக்கம். அத்தைக்குக் கணவர் இல்லை. விடியற்காலையில் ஜீப்பில் மலைமேட்டுக்கு ஏறி, ஏலத்தோட்டத்தில் செடிக்குச் செடி குனிந்து காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார். மூத்த மகள் போடியில் கல்லூரிப் படிப்பை முடித்திருந்தாள். இன்னொருத்தி பள்ளிக்கூடத்தில் படித்தாள்.

மூத்தவள் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாள். "மதினி, அங்க நெசமாவே கவுண்டருக்கு ஆள் எடுப்பாகளா?" என்று கேட்டாள். எடுப்பார்கள், ஆனால் அதற்கென்று ஒரு படிப்புப் படித்திருந்தால் நல்லது என்றேன். அவள் மதுரையில் விடுதியில் தங்கி அந்தப் படிப்பைப் படித்தாள். அத்தை அந்த வருடம் மழைக்காலத்திலும் ஒரு நாள் தவறாமல் மேட்டுக்கு ஏறினார் என்று என் அம்மா போனில் சொன்னார்.

டெர்மினல் திறந்தது. கண்ணாடியும் வெளிச்சமுமாக, நடந்து மாளாத இடம். பழைய டெர்மினலில் எங்கள் கம்பெனிக்கு இருந்ததைவிட இங்கே கவுண்டர்கள் குறைவு. அவை இருக்கவேண்டிய இடத்தில் இயந்திரங்கள் நின்றன. பயணியே திரையைத் தொட்டு போர்டிங் பாஸ் எடுத்து, பெட்டியில் தானே சீட்டு ஒட்டிக்கொள்ளலாம். ஆரம்பத்தில் சனங்கள் அதன் பக்கமே போகவில்லை. பக்கத்தில் நின்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னைப் போட்டார்கள். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். பெரியவர்களின் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தேன். கவுண்டர் வரிசை மெலிந்தது. மேலதிகாரி பாராட்டினார், எனக்குப் பதவி உயர்வும் வந்தது. ஊருக்குப் போன் போட்டுச் சந்தோஷமாகச் சொன்னேன். நான் சொல்லிக்கொடுத்தது யாருடைய வேலையைத் தின்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நேர்முகத் தேர்வு நடந்த அன்றுதான் உறைத்தது. வந்தவர்களைப் பெயர் சொல்லி உள்ளே அனுப்புவது என் பொறுப்பு. வரிசை கட்டிடத்தைச் சுற்றி வாசல்வரை நின்றது. பாதிப்பேர் என் ஊர் மாதிரி ஊர்களிலிருந்து வந்தவர்கள். அழுத்தித் தேய்த்த சட்டை, புதுச் செருப்பு. நான் சொன்னபடி ஆள் நிறையத்தான் எடுத்தார்கள். ஆனால் பெரும்பாலான வேலைகள் பெட்டி ஏற்றுவது, விமானத்துக்குள் சுத்தம் செய்வது, தள்ளுவண்டிகளைச் சேர்ப்பது, நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிப்போவது. அத்தனையும் ஒப்பந்தக்காரர் வழியாக. கவுண்டருக்கு ஒரு கை விரலில் அடங்குகிற ஆட்கள்தான்.

அத்தையின் மூத்த மகளும் வந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தெரிந்தவள் போலக் காட்டிக்கொள்ளக்கூடாது என்பதால் மற்றவர்களைப்போலவே அவளையும் பெயர் சொல்லி உள்ளே அனுப்பினேன். கவுண்டர் கிடைக்கவில்லை. சக்கர நாற்காலி வேலை கிடைத்தது, சேர்ந்துவிட்டாள்.

அதன்பிறகு தினமும் அவளைப் பார்த்தேன். நான் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். அவள் யாராவது ஒரு வயதானவரைத் தள்ளிக்கொண்டு கடந்துபோவாள். போகும்போது சிரிப்பாள். குறைப்பட்டு ஒரு சொல் சொன்னதில்லை. அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் சில நாள் திரையைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து, "அம்மா வருது மதினி. நான் கவுண்டர்ல இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிருங்க" என்றாள். சரி என்றேன். அவளுக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று தோன்றியது.

அத்தை பஸ்ஸில் வந்தார். டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. வெளியே கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் அவரை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். மகள் உள்ளே வேலையாக இருக்கிறாள், கவுண்டரை விட்டு நகர முடியாது, சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். அத்தை தலையாட்டினார். பேச்சுக்கு நடுவே அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் போனது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். குனிந்து அவர் வேட்டி சக்கரத்தில் மாட்டாமல் ஒதுக்கிவிட்டு, மறுபடி தள்ளிக்கொண்டு போனாள். எங்களைப் பார்க்கவில்லை.

அவள் மறையும்வரை அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார்.

"அவ சொன்ன பொய் எனக்கு வெளங்குது ஆத்தா. பெத்தவ மனசு நோகுமேன்னு சொல்லிருப்பா. நீ எதுக்குச் சொன்ன?"

நான்தானே அத்தை, அவளை இந்த வேலைக்கு வரச் சொன்னேன் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அவ சோலியில ஒரு கொறையும் இல்ல. நீ மறைச்சதுலதான் அது கொறையாத் தெரியுது."

சாயங்காலம் மகளிடம் அவர் எதையுமே கேட்கவில்லை. மகள் இங்கே தங்கியிருந்த விடுதி வாசலில் அமர்ந்து, கொண்டுவந்த முறுக்கை எங்கள் இரண்டு பேருக்கும் சமமாகக் கொடுத்தார். அவள் கவுண்டரைப் பற்றி ஏதேதோ சொல்ல, அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை பஸ் ஏறிப்போன பிறகுதான் அம்மாவுக்குத் தெரியும் என்பதை அவளிடம் சொன்னேன். அன்று மட்டும் அழுதாள்.

அதற்கடுத்து ஊருக்குப் போனபோது, ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டவர்களிடம் முழுவதையும் சொன்னேன். எது கம்பெனி வேலை, எது ஒப்பந்த வேலை, இயந்திரம் எத்தனை பேருடைய இடத்தில் நிற்கிறது, எல்லாம். பக்கத்து ராசிங்காபுரத்திலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒருவர் பாதியிலேயே எழுந்துவிட்டார். தான் ஏறின பிறகு ஏணியை எடுத்துக்கொள்கிறாள் என்று வெளியே பேசிக்கொண்டார்களாம். வருத்தமாக இருந்தது.

இப்போது அவள் சக்கர நாற்காலி ஆட்களுக்குப் பொறுப்பாளர். ஒப்பந்தம் இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டது. கவுண்டர் இன்னும் கிடைக்கவில்லை, இருக்கும் கவுண்டர்களையும் குறைக்கப்போவதாகப் பேச்சு. போன வாரம் அத்தை போன் செய்தார். சின்னவளும் அந்தப் படிப்புக்குத்தான் போவேன் என்று நிற்கிறாளாம். இன்னொரு புது விமான நிலையம் வரப்போவதாகப் பேப்பரில் போட்டிருக்கிறதாம். "நீ என்ன சொல்ற ஆத்தா? நீ சொல்றதுதான்."

மலைக்காற்று போனில் இரைந்தது. மேட்டிலிருந்து இறங்குகிற ஜீப்பில் இருந்தார் போல.

"அவ அக்காகிட்ட கேளுங்க அத்தை" என்று சொல்லி போனை வைத்தேன்.