லாலாங் புல் அடைத்த டயர்

கல்யாண நாளில் பஞ்சர் என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாதாம். என் தாய்மாமா போட்ட சட்டம் அது. நானோ லாபிஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். பம்பு, ஜாக்கி, ஒட்டுப்போடும் சாமான், ஸ்பேர் டயர் எல்லாம் இருந்தால்தான் வண்டியை நகர்த்துவேன். அன்றைக்கு மட்டும் நான் மாப்பிள்ளை. வாடகைக் கார், ஓட்டுவது வேறொருவர். குளுவாங் தாண்டி லாயாங் லாயாங் என்ற ஊர்ப் பக்கம் பெண் வீடு. தோட்டத்தில் ஒரே நாள்தான் லீவு கொடுத்தார்கள் என்பதால் காலையிலேயே கிளம்பினோம்.

பழக்க தோஷம், காரின் பின்னால் போய் ஸ்பேர் டயரைத் தட்டிப் பார்த்தேன். மாமா பாய்ந்து வந்தார்.

"டேய் மாப்ள, நல்ல காரியத்துக்குப் போறப்ப கெட்டத நீயே கூப்பிடுறியா? கைய எடு!"

அதோடு விட்டாரா? சீர்த் தட்டும் வாழைத்தாரும் வைக்க இடமில்லை என்று டயரையும், பம்பும் ஜாக்கியும் இருந்த சாமான் பெட்டியையும் இறக்கி வாசலில் வைத்துவிட்டார். நான் எவ்வளவோ சொன்னேன். கழுத்தில் மாலை ஏறிவிட்டால் மாப்பிள்ளை பேச்சை யார் கேட்கிறார்கள்! சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, இனி ஒரு குறையும் வராது என்று மாமா முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பெண்ணின் அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவே இல்லை. "டிரைவருக்குப் பொண்ணு குடுத்தா அவ வாசலப் பாத்துக்கிட்டுதான் நிக்கணும்" என்று பேசியவர். நாலு பேர் எடுத்துச் சொல்லித்தான் ஒத்துக்கொண்டார். அதிலும் ஒரு கண்டிஷன்: முகூர்த்தம் தப்பினால் கல்யாணம் இல்லை.

குளுவாங் தாண்டியதும் பின் சக்கரம் புஸ்ஸென்று போயிற்று. மாமா இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார், அப்புறம் வானத்தைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி! வாய்வரைக்கும் வந்தது, தாய்மாமனாச்சே என்று விழுங்கிவிட்டேன். கேட்டே இருக்கலாம். இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஒட்டுப் போட்டாலும் காற்றடிக்கப் பம்பு ஏது? ரோட்டோரம் கையை அறுக்கும் லாலாங் புல் இடுப்பளவு நின்றது. ட்யூபை உருவிவிட்டு டயருக்குள் புல்லை இறுக்கித் திணித்து மெல்ல ஓட்டுவது லாரிக்காரர்கள் அவசரத்துக்குச் செய்கிற வேலைதான். ஜாக்கி இல்லாததால் காரில் வந்த எல்லோரும் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து காரை நெம்பித் தூக்கினார்கள். டயர் கழற்றும் இரும்பு, நல்ல வேளை, டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்தது. மாலையைக் கழற்றி மாமா கழுத்தில் மாட்டிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே உட்கார்ந்தேன். மாமா மாலையும் கழுத்துமாகப் புல் பிடுங்கினார். லாலாங் சும்மா விடுமா, அவர் கையையும் கிழித்தது, என் கையையும் கிழித்தது.

"இன்னும் திணி மாப்ள, நல்லா திணி!" என்று இப்போது அவர்தான் விரட்டினார்.

கார் நொண்டி நொண்டிப் போய்ச் சேர்ந்தபோது, நேரம் முடியப் போகிறது என்று கோயில் பண்டாரம் கத்திக்கொண்டிருந்தார். ஓடிப்போய் மணையில் உட்கார்ந்தேன். தாலியை எடுத்து நீட்டினார்கள். அப்போதுதான் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். விரலெல்லாம் கிரீஸும் டயர்க் கரியும் ரத்தமும்.

"ஐயையோ, தாலியில கருப்பு படலாமா? கழுவிட்டு வரச் சொல்லுங்க!" என்று பெண்ணின் அம்மா அலறினார்.

தண்ணீரில் போகிற அழுக்கா அது? மண்ணெண்ணெய் தேடி, ஊற்றித் தேய்ப்பதற்குள் முகூர்த்தம் போய்விடும். பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். போச்சுடா என்று நினைத்தேன். அழுகையே வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள் நிமிராமலே பேசினாள். அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை.

"அந்தக் கையாலதானப்பா வந்து சேந்தாரு. கட்டச் சொல்லுங்க."

கட்டினேன். மஞ்சள் கயிற்றில் என் கட்டைவிரல் கருப்பாகப் பதிந்தது. அவள் அப்பா உட்கார்ந்துவிட்டார்.