சேற்றில் இறங்கிய டிராக்டர்

சந்தவாசல் பக்கத்துத் தோப்புகளில் வெட்டிய மரங்களைச் சங்கிலி கட்டி ரோட்டுக்கு இழுத்துப் போடுவது என் தொழில். இரண்டு காளைகள் வைத்திருந்தேன். ஆரணி மர மில் முதலாளிதான் வேலை கொடுப்பார். எழுபதுகளின் கடைசியில் மணி என்பவன் டிராக்டரோடு வந்தான். காய்ந்த நிலத்தில் அது மூன்று மரத்தைச் சேர்த்து இழுக்கும். என் மாடுகள் ஒன்றைத்தான் இழுக்கும். ஈரத்தில் டிராக்டர் புதையும், மாடு புதையாது. இதை முதலாளியிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சாணி போடறதத் தவிர இதுங்க இன்னாத்துக்கு ஆவும்ணே?" என்று மணி எல்லோர் முன்னும் கேட்டான். சிரித்தார்கள். வேலை அவனுக்குப் போனது. நான் அதே மாடுகளைப் பூட்டிக் கல் வண்டி ஓட்டினேன், கறுவிக்கொண்டே மழைக்குக் காத்திருந்தேன்.

மழை வந்தது. டிராக்டர் அச்சு வரை சேற்றில் இறங்கியது. முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாடுகளை நுகத்தில் பூட்டி விரட்டிக்கொண்டு போனேன்.

"மாடுதான் ஒசத்தின்னு சொல்லு, இழுக்கறேன்" என்றேன் மணியிடம். கூட்டத்தில் நான் பேசிய முதல் பேச்சு அது.

மணி மாட்டருகே வந்து நுகத்தடியைத் தூக்கிப் பார்த்தான். "மாடுதான் ஒசத்தி. ஆனா இழுக்க வேணாம்ணே. கழுத்துல புண்ணு ரத்தமா கீது, பாக்கலியா? அவுத்துவுடு. சேறு காஞ்சதும் வண்டிய எடுத்துக்கறேன்."

நான் பார்த்திருக்கவில்லை. வழியெல்லாம் அவன் முகம் எப்படிச் சுருங்கும் என்றே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

ஊர் சிரிக்கப் பேசியதற்கு அவனை எப்போதோ மன்னித்துவிட்டேன். என் மாட்டின் புண்ணை எனக்கு முன்னால் அவன் பார்த்ததைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.