ஐந்தாம் றவுண்ட்

என் மாமனாரைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் கண்டதேயில்லை. சாய்ந்தமருதில் கலியாணம் முடித்துப் பெண் வீட்டில் குடியிருந்த எனக்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிப்பது பாதி வேலை, அவரோடு மல்லுக்கட்டுவது மீதி வேலை. அறுபதைத் தாண்டியும் மனிசன் கரைவலைத் தோணியில் தண்டு வலித்துக்கொண்டிருந்தார். முந்திய மாரியில் தோணி அலையில் கவிழ்ந்து, வலது தோள் பிசகி, கூட வந்தவர்கள்தான் அவரைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். அதற்குப் பிறகு சட்டை கழற்றவும் அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆனாலும் அடுத்த மாரிக்கும் போவேன் என்று நின்றார். என் மனைவி அழுதாள். மாமி ஏசினார். ஒன்றும் சரிவரவில்லை.

அந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் ஒரு குத்துச்சண்டை வந்து வாய்த்தது. சம்பியனுக்கு நாற்பது வயது கிட்டிவிட்டது. எதிர்த்து வருபவன் ஒருவரிடமும் தோற்காத இளந்தாரி. அந்த 1950களில் எங்கள் ஊரில் பாதிப்பேர் ஒரு குத்துச்சண்டையும் கண்டதில்லை, ஆனால் தேத்தண்ணிக் கடையில் ஆளுக்கொரு தீர்ப்பு! பேப்பர் வாசித்துச் சொல்வது நான். மாமாவோ முழுக்கச் சம்பியன் பக்கம்.

"அடி வாங்கிப் பழகினவனுக்குத்தான் அடிக்கத் தெரியும், மருமகன். மத்தவன் சின்னப் பொடியன்."

"வயசு போனா ஏலாது மாமா. ஏலாட்டி ஏலாது எண்டு ஒத்துக்கொள்ளத்தானே வேணும்."

யாரைப் பற்றிக் கதைக்கிறோம் என்று கடைக்காரருக்கும் விளங்கிவிட்டது. மாமா கிளாசைக் கீழே வைத்தார்.

"அப்ப சொல்லுங்களேன், எத்தனையாம் றவுண்ட்டில சம்பியன் விழுவான்?"

எனக்கு ஆத்திரம். "அஞ்சைத் தாண்டமாட்டான்!" என்றேன். வாயில் வந்த இலக்கம், வேறொன்றுமில்லை.

"பந்தயம் ஹறாம். இது பந்தயமில்ல, என்ட சொல்," என்றார் அவர். "அஞ்சுக்குள்ள அவன் விழுந்தா, வல்லாஹி, இனி நான் தோணியில கால் வைக்கமாட்டன். விழல்ல எண்டா, மறுகா ஒருத்தரும் என்னத் தடுக்கப்படாது."

இதைக் கேட்டதிலிருந்து என் மனைவி ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் முகம் தெரியாத அந்த இளந்தாரிக்காகத் துஆக் கேட்டாள்.

அங்கே இரவு நடந்த சண்டை இங்கே காலையில் கேட்டது. கடை றேடியோ கறகறவென்று இரைந்தது. அறிவிப்பாளர் வாய்க்குள் சோளம் பொரிவதுபோல் கதைத்தான். பாதிதான் எனக்குப் பிடிபட்டது. முதல் றவுண்ட்டிலேயே ஒருவன் விழுந்தான். சம்பியன்தான் என்று துள்ளி எழும்பினேன். பார்த்தால், விழுந்தது என்னுடைய இளந்தாரி!

"என்ன சொல்றான் மாஸ்டர்?" என்று எல்லோரும் என்னைப் பிடுங்கினார்கள். சொல்லாமல் எங்கே போவது? சொன்னேன். மாமா தாடியைத் தடவினார். ஐந்தாம் றவுண்ட் முடிந்தும் சம்பியன் நின்றான். பத்து முடிந்தது, புள்ளியில் அவனே முன்னால் நின்றான். எனக்கு அந்த றேடியோவைத் தூக்கி றோட்டில் எறிய வேண்டும்போல் இருந்தது. பதின்மூன்றாம் றவுண்ட்டில் ஒரே குத்து. சம்பியன் சரிந்தான், எழும்பவேயில்லை.

"பாத்தீங்களா மாமா! விழுந்திட்டான்!"

"எத்தனையாம் றவுண்ட்?"

"பதின்மூண்டு."

"பதின்மூண்டு," என்று கற்கண்டைப் போல அதை வாய்க்குள் வைத்துச் சொன்னார். பிறகு இன்னொரு தேத்தண்ணி கேட்டார்.

மனைவி வேலியடியில் காத்து நின்றாள். "ஆரு வெண்ட?"

"பொடியன்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றவளிடம் மீதியையும் சொன்னேன். அவள் முகம் அப்படியே இருண்டுபோயிற்று.

"பொடியன் வெல்லுவான் எண்டு சொல்லிப்போட்டுச் சும்மா இரிந்திருக்கலாமே! அஞ்சு எண்டு உங்கள ஆரு கேட்ட?"

ஆர் வெல்வது என்று ஊரிலே சரியாகச் சொன்னவன் நான். ஏச்சு வாங்கியவனும் நான்தான்.

மாரி தொடங்கி முதல் நாள், தோளைச் சீலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மாமா தோணியில் ஏறினார். நாங்கள் இருவரும் கரையில் நின்றோம். தோணி அலையைத் தாண்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்து, நல்ல கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். வாப்பா கையசைக்கிறார் என்று நினைத்து என் மனைவி அழுதழுது பதிலுக்குக் கையசைத்தாள்.