சிவப்புச் சுங்குடிப் பாவாடை

இப்போதெல்லாம் எங்கள் தெருவுக்குத் தக்காளி விற்க வருகிற வண்டியில் மனிதன் பேசுவதில்லை. ஒரு பெட்டி பேசுகிறது. வண்டிக்காரன் டீ குடிக்கப் போனாலும் அது பாட்டுக்குக் கூவிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டாலே எனக்கு வயிற்றெரிச்சல். நானும் ஒரு காலத்தில் வாயை வைத்துப் பிழைத்தவன்தானே.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. எழுத்து வரவில்லை, வாய் மட்டும் வந்தது. சின்னாளப்பட்டித் திருவிழாவுக்கு மைக்செட் போடுகிற முதலாளி, "ஏலே, சும்மாதான கத்திக்கிட்டுத் திரியுற, இங்கன உக்காந்து கத்து" என்று மைக் கொட்டகையில் உட்காரவைத்தார். நன்கொடை கொடுத்தவர் பெயரை யாராவது என் காதில் சொல்வார்கள், நான் ஊருக்குச் சொல்வேன். ஒரு தடவை, அப்பா நினைவாக மகன் கொடுத்தது என்பதை மறந்து, செத்துப்போன அப்பாவையே மேடைக்குக் கூப்பிட்டுவிட்டேன். நல்லவேளை, அவர் வரவில்லை.

கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளைகளை அறிவிப்பதில்தான் நான் சூரன். "பச்சச் சட்டப் பையன் இங்க ஐஸ் தின்னுக்கிட்டு இருக்கான். பெத்தவுக சீக்கிரம் வந்தா குச்சியாச்சும் மிஞ்சும்!" கூட்டம் சிரிக்கும். அம்மா ஓடி வருவாள், பையன் முதுகில் ஒன்று விழும். எல்லாப் பிள்ளையும் கிடைத்துவிடும். நானே தேடிக் கண்டுபிடித்த மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன்.

அப்படி ஒரு சாயங்காலம் தறி நெய்கிற பஞ்சவர்ணம் வந்தாள். வளையல் கடையில் மகளின் கையை விட்டிருக்கிறாள்.

"அண்ணே, எம் மக தேவி. அஞ்சு வயசு. செவப்புச் சுங்குடிப் பாவாட கட்டிருக்கா."

அப்படியே சொன்னேன். சுங்குடிக்குப் பேர்போன ஊரில், அதுவும் திருவிழா அன்றைக்கு, சுங்குடிப் பாவாடையை அடையாளம் சொன்ன அறிவாளி நான்தான். கொட்டகை வாசலில் சிவப்பு சிவப்பாகப் பிள்ளைகள் வந்து குவிந்தன. ஒருவர் தூக்கி வந்த பிள்ளைக்குப் பின்னாலேயே அதன் தகப்பன் ஓடி வந்தான்.

"யோவ், அது எம் பிள்ளைய்யா!"

"மைக்குல சொன்னாகல்ல அப்பு?"

நானும் சிரித்தேன். பஞ்சவர்ணம் ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளெல்லாம் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள்.

போலீஸ் வந்தது. கிணறுகளில் தேடினார்கள், பஸ் ஸ்டாண்டில் படம் ஒட்டினார்கள். ஸ்டேஷனில் "துப்புக் கெடச்சா சொல்லி விடுறோம்மா" என்றவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்குத் தேவி யாரென்று இவள்தான் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் கேட்பாரில்லை.

ஆனால் ஒவ்வொரு திருவிழாவுக்கும் கொட்டகைக்கு வந்துவிடுவாள். நானும் அதே அஞ்சு வயசு, அதே பாவாடை என்று கிளிப்பிள்ளை மாதிரி கூவுவேன். ஒரு வருஷம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒங்க மண்டையில என்னண்ணே இருக்கு? அவ இப்ப எந் தோளுக்கு வளந்திருப்பா. இன்னுமா அந்தப் பாவாடையக் கட்டிக்கிட்டுத் திரிவா?"

"பெறகு என்னத்தச் சொல்ல தங்கச்சி?"

"என்னையச் சொல்லுங்க."

அன்றிலிருந்து அறிவிப்பு மாறிவிட்டது. "தேவி, ஒங்கம்மா பஞ்சவர்ணம் மைக்செட் பக்கத்துல நிக்குது. ஊதாச் சேல. தலையில கனகாம்பரம்." வருஷத்துக்கு வருஷம் சேலை நிறம் மட்டும் மாறும். நான் நக்கல் கலக்காமல் பேசிய பேச்சு ஆயுசுக்கும் அது ஒன்றுதான்.

இந்த வருஷம் கொட்டகையே இல்லை. கமிட்டிக்காரர்கள் பதிவு செய்த குரலை ஓடவிட்டார்கள். நகை பத்திரம், செருப்பு பத்திரம் என்று அது சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. கொட்டகை இருந்த இடத்தில் கரும்பு ஜூஸ் வண்டி. பக்கத்தில் பஞ்சவர்ணம் நின்றிருந்தாள்.

"மைக்கு எங்கண்ணே?"

"புடுங்கிட்டாய்ங்க தங்கச்சி."

"வாயையுமா புடுங்கிட்டாய்ங்க?"

கையைக் குவித்துக் கூப்பிட்டேன். "தேவி, ஒங்கம்மா கரும்பு ஜூஸ் வண்டிகிட்ட நிக்குது. பச்சச் சேல." ஊரையே அதட்டிய தொண்டை, வண்டியைத் தாண்டவில்லை. ஜூஸ்காரன் மட்டும் திரும்பிப் பார்த்தான்.

பஞ்சவர்ணம் முந்தானையை நன்றாக வெளியே தெரியும்படி இழுத்துவிட்டுக்கொண்டாள்.